ஈடு

இசிக்-குல் ஏரியின் தென்கரையில்
வங்கிக் கார் ஏற மறுத்த கடைசி அரைக் கிலோமீட்டரை
நடந்தே ஏறினேன்.
கக்கத்தில் கோப்பு. காதில் ஏப்ரல் காற்று.

புருல்கான் கேட்டிருந்தது ஆறு லட்சம் சோம்.
ஆப்ரிகாட் உலர்த்த ஒரு கூடம்,
விசிறி இரண்டு, தட்டு நாற்பது.
போன ஜூலையில் மூன்று நாள் தூறல்;
தகரக் கூரையில் பரப்பிய நானூறு கிலோவும்
பூசணம் பூத்தது.
கழுதைகூட முகர்ந்துவிட்டுத்
திரும்பிக்கொண்டது என்றாள்.

எங்களிடம் வருமுன் பல கதவுகளில் முட்டியிருந்தாள்.
சலுகைக் கடன் தீர்ந்துவிட்டது, அடுத்த வசந்தம் வாருங்கள்.
உதவித் திட்டத்தின் பதினெட்டுப் பக்க விண்ணப்பத்தில்
உங்கள் கனவை விவரிக்கவும் என்றொரு கட்டம்.
அதில் அவள் எழுதியது:
தகரம் போதாது.
கரகோலில் மைத்துனன் தரத் தயார்,
மாதம் ஐந்து வட்டி,
சொந்தம் என்பதால்.

என் படிவத்தில் ஒரே கேள்விதான்
தடித்த எழுத்தில் இருந்தது: ஈடு?

வீட்டுப் பத்திரம் மாமனார் பேரில்.
மாமனார் மண்ணுக்குள்.
மீதி, ஆடு. விண்ணப்பப்படி முப்பத்தொன்று.

பட்டியைத் திறந்துவிட்டாள். எண்ணினேன்.
முப்பத்தொன்று.
அடுத்த வீட்டுப் பொடியன் ஓடிவந்து
ஒரு குட்டியைக் கட்டிக்கொண்டு
இது எங்களுடையது என்று போய்விட்டான்.
முப்பது.
யாரும் சிரிக்கவில்லை.
வேலிக்கு அப்பால் நால்வர்
ஒரே சேணத்தை மாற்றி மாற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு
மாட்டைத் தூக்கி ஆட்டில் போடும் கணக்கெல்லாம்
பார்த்துப் பழகியவன் நான்.
வங்கிக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும்:
நான் மேய்ப்பன் மகன்,
காது படிக்கத் தெரிந்தவன்.
இடக்காதில் கவை வெட்டியவை அவளுடையவை.
வலக்காதில் துளை, நுனி அறுப்பு, பின்பக்கக் கீறல்,
இவை மூன்றும் மூன்று வீடு.
பேனாவைத் திறந்து
பத்தொன்பது என்று எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள்.
தேநீர் ஆறிவிடும் என்றாள்.

பொய் ஈடு என்றால் விண்ணப்பம் ரத்து. அதுதான் விதி.
ஆனால் முப்பது என்று நான் இன்னும் எங்கும் எழுதவில்லை.
கோப்பின் கடைசியில் வேறொரு தாள் இருந்தது,
கூட்டுப் பிணைக்கானது.
வேலியோரம் போய் நீட்டினேன்.
ஒரு மதியத்துக்கு ஆடு தந்தீர்கள்,
இரண்டு வருஷத்துக்குப் பேர் தருவீர்களா?

ஒருவர் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார்.
ஒருவர் மனைவியைக் கேட்கவேண்டும் என்றார்;
மனைவி பக்கத்திலேயே நின்றாள்.
சைராகுல் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டாள்.
சேணக்காரர் தொக்தோசுன் கண்ணாடி தேடினார்,
கிடைக்கவில்லை,
படிக்காமலே போட்டார்.

மூன்றரை லட்சம்தான் வரும் என்றேன்.
விசிறி ஒன்று, தட்டு இருபது,
சுவருக்குப் பழைய தகரம் என்று
விரல்விட்டு இறக்கிக்கொண்டே வந்தவள்
தவணைத் தேதியில் நின்றாள்.

மே மாதமா?
மேயில் என் மரத்தில் இலைதான் இருக்கும்.
இலை வாங்குமா உங்கள் வங்கி?

அக்டோபர் என்று திருத்தி
மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன்.
மூன்றாவதற்குப் பதில் வந்தது.
ஒரே சொல்: சரி.
அதிலும் எழுத்துப்பிழை.

இன்று ஜூலை பதினேழு.
கரகோல் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரம்.
மேற்கே ஏரிமேல் மேகம் கூடுகிறது.
இரண்டு முறை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன்.
அந்த ஒற்றை விசிறி சுற்றும் சத்தம்
இவ்வளவு தூரம் கேட்காது,
தெரியும்.