இரண்டாவது சாவி

பிரசார ஓய்வு நாளில்
யாரும் யாரிடமும் வாக்குக் கேட்கக் கூடாது.
வாடகை கேட்கலாம்.
தோ பாயோவில் பதினொன்றாம் மாடியில்
திருமதி இயோவின் மூன்றறை வீட்டுக்கு
விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இந்தியர் வேண்டாம் லா" என்றார்.
சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.
"உன்னைச் சொல்லவில்லை."

பதினாறு வருடமாக வீட்டுத் தரகு.
இந்த "உன்னைச் சொல்லவில்லை"களை
ஒவ்வொன்றாக வாடகைக்கு விட்டிருந்தால்
இந்நேரம் கடலோரம் ஒரு கொண்டோ.

அப்படியே போட முடியாது, விதி இருக்கிறது.
"சமைக்காதவர்" என்று போடுவோம்.
வாசிப்பவருக்குப் புரியும்.
முதலில் எங்களுக்குப் புரியும்.

மேசைமேல் கிடந்த நாளிதழில்
மாசிலாமணி சிரித்துக்கொண்டிருந்தார்.
திருமதி இயோ அவர் நெற்றியில் விரல் வைத்தார்.
"நாளைக்கு என் வோட்டு இவருக்குத்தான்.
எவ்வளவு படிப்பு! எவ்வளவு நிதானம்!"

இவர் வீட்டில் ரசம் வைப்பார்களே,
அந்த வாசம் பரவாயில்லையா
என்று கேட்க வாய் எடுத்தேன்.
கமிஷன் அரை மாத வாடகை.
வாயை மூடி
"பால்கனி உண்டு" என்று தட்டச்சினேன்.

போன ஞாயிறு தேக்கா ஈரச்சந்தைக்கு
அவர் வந்தபோது நானும் இருந்தேன்.
தமிழில் இரண்டே வரி.
"வாழ்வு" என்றார். ழகரம் சரியாக விழுந்தது.
அதற்கே கைதட்டினோம்.
ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர்
கத்தியை வைத்துவிட்டு "நம்ம ஆளு" என்றார்,
யாரிடமும் இல்லை, தராசிடம்.

கிருபாவதி, தொடக்கப்பள்ளி ஆசிரியை,
மூன்று மாதமாக என் பட்டியலில் வீடில்லாமல் இருப்பவள்,
கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள்:
"பெயரைச் சொன்னதும் வீடு போய்விடுகிறது, ஐயா.
நீங்கள் வந்தால்?"

அவர் சொன்னார், "நான் எல்லாருக்குமான அதிபராக இருப்பேன்."
சரியான பதில்.
வேறு பதில் சொன்னால் தோற்றுப்போவார்.
மின்தூக்கி நிறைந்துவிட்டது, அடுத்ததில் வாருங்கள்
என்றால் தலையாட்டுவோமே,
அப்படித் தலையாட்டினாள்.

ருத்ரேஷுக்கு இது முதல் வாக்கு.
இரவு சாப்பாட்டில் பாடம் நடத்தினான்:
"அம்மா, சட்டம் போடுவது அவர் இல்லை.
நாட்டுச் சேமிப்புக்கு இரண்டு சாவி.
அவர் கையில் இருக்கப்போவது இரண்டாவது.
பூட்டியே வைக்கலாம்,
தனியாகத் திறக்க முடியாது."
அப்புறம் தட்டைக் கழுவியபடி,
"நம்ம ஆள் என்று போடாதே.
நம்ம ஆள் என்பதால் போடாமலும் இருக்காதே."

என் கைப்பையில் அடுத்தவர் வீட்டுச் சாவிகள் பதினொன்று.
தூக்கம் வரவில்லை.

என்னதான் எதிர்பார்க்கிறேன் அவரிடம்?
ரயிலில் பக்கத்து இருக்கைக்காரியின் விரல்
மூக்கை நோக்கிப் போகும்போது
ஒரு நொடி தயங்க வேண்டும்.
அவ்வளவுதான்.
இதையா ஓர் அதிபரிடம் கேட்பது?

அவர் தோற்றால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.
வென்றால் சொல்லப்போவதுதான் பயம்:
"உங்கள் ஆளே அங்கே உட்கார்ந்திருக்கிறார்,
இன்னும் என்ன குறை?"
நாங்கள் வாங்காத பணத்துக்கு
எங்கள் பெயரில் ரசீது.

காலையில் பள்ளிக்கூடத்து மண்டபம்,
அட்டைத் தடுப்பு, முத்திரைப் பேனா.
யாருக்கு என்பது ரகசியம்.
கை நடுங்கியது மட்டும் சொல்லலாம்.

வெளியே வந்து திருமதி இயோவை அழைத்தேன்.
"ஓர் ஆசிரியை, அமைதியானவர், நான்கு மணிக்கு."
"பெயர்?"
சாலையில் பேருந்து ஒன்று போனது.
அது போகும்வரை காத்திருந்தேன்,
பிறகு முழுப்பெயரையும் சொன்னேன்,
தந்தை பெயரோடு.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
வைக்கவும் இல்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு
மின்தூக்கி பதினொன்றில் நின்றது.
கிருபாவதி குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள்,
சத்தம் வரக் கூடாதென்று.
சாவி என்னிடம் இருந்தது.
ஆனாலும் மணியை அடித்தேன்.