அரை மில்லி

டீக்கடைக் கண்ணாடி கிளாசில்
ஒன்றரை கிளாஸ்.
அவ்வளவுதான் அவன் உடம்பில் ஓடுவது
மொத்தமும்.
அதிலிருந்து அரை மில்லி
ராத்திரி பத்தேகாலுக்கு என் மேசைக்கு வந்தது.

மஞ்சள் மூடிக் குழாய். கூடவே சீட்டு:
பேபி ஆஃப் முப்பிடாதி. ஆண். ஒன்பது நாள்.
குடல் ஒட்டு, முதல் நாள்.
கையெழுத்து யாருடையதோ, சாய்ந்து கிடந்தது.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
நான் முகம் பார்ப்பதில்லை.
சுழற்றியபின் மேலே தங்கும்
வைக்கோல் நிறத் தெளிவைப் பார்ப்பேன்.
அதில் ஒரு எண் இருக்கும்.

முதல் நாள் முப்பத்தொன்று.
இரண்டாம் நாள் ஐம்பத்திரண்டு.
அறுத்த உடம்பு கொஞ்சம் கத்தும், கத்தட்டும்.
மூன்றாம் நாள் இறங்கணும்.
இறங்கினால் தையல் பிடித்துக்கொண்டது என்று பொருள்.
பொருள் என்றுகூட இல்லை,
அப்படி நம்பிக்கொள்ள ஒரு அனுமதி.

குழாயைக் கொண்டுவருகிறவர் அப்பாக்காரர்.
பணகுடிப் பக்கம் காத்தாடியில் வேலை.
ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்:
"நம்பர் வேண்டாம் மேடம்,
ஏறுதா எறங்குதா, அத மட்டும் சொல்லுங்க."
டாக்டர் சொல்லுவாங்க என்றேன்.
தலையாட்டினார். பிறகு, தனக்கே சொல்லுகிற மாதிரி,
"பேரிங் கெட்டா சத்தம் கடைசியிலதான் வரும்.
சூடு முந்தியே ஏறிரும்.
ஸ்க்ரீன்ல கோடு லேசா மூக்கத் தூக்கும்போதே
நிறுத்திரணும்.
புகை வாரதுக்குக் காத்திருந்தா
எறக்கதுக்கு எறக்கையே இருக்காது."

மூன்றாம் நாள் ராத்திரி
குழாய் சிவந்து வந்தது.
பிழிந்து எடுத்த ரத்தம், செல் உடைந்திருக்கிறது.
'திரும்ப எடுக்கவும்' என்று எழுதினேன்.
எழுதுவது சுலபம்.
குதிகாலில் ஏற்கெனவே எத்தனை புள்ளியோ,
அதில் ஒன்றை நான் வைத்தேன்,
ஒரு பேனாவால்.

நாலு மணிக்கு மறுகுழாய்.
தொண்ணூற்றேழு.
மிஞ்சிய சொட்டில் இன்னொரு தரம்.
தொண்ணூற்றாறு.

போன் செய்தேன்.
"வயிறு மெத்துன்னுதான் இருக்கு.
காய்ச்சல் இல்ல. இப்பதான் தூங்குதான்."
"தொண்ணூத்தாறு சார்."
அந்தப் பக்கம் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்.
"சரி. பெரியவருக்குச் சொல்லுதேன்."

எண் பொய் சொல்லும், எனக்குத் தெரியும்.
கையில் குத்திய ஊசி சீழ் வைத்ததற்கு
நூறைத் தாண்டிக் குதித்ததும் உண்டு.
பதினாலு காட்டிய பிள்ளை
விடியுமுன் போனதும் உண்டு.
அன்றைக்கு மட்டும்
பொய்யாக இரு, பொய்யாக இரு என்று
மெஷினைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொய்யில்லை.
தையலில் கடுகளவு கசிவு என்றார்கள்.
வயிறு வீங்குமுன்,
காய்ச்சல் வருமுன்,
பால் கக்குமுன் திறந்துவிட்டார்கள்.

அப்புறம் எண்பத்தொன்று, எழுபது, எழுபத்திமூன்று.
அந்த மூன்றுக்காக ஒரு பகல் தூங்கவில்லை.
நாற்பது.
அதோடு குழாய் வருவது நின்றுவிட்டது.

நிற்பதற்கு இரண்டு காரணம் உண்டு.
மாடி ஏறிக் கேட்டால் ஒன்று தெரியும்.
இருபத்திநாலு படிதான்.
நான் ஏறவில்லை.

ஐப்பசியில், மழை பிடித்த ஒரு காலை,
நனைந்த சட்டையோடு ஜன்னலில் அவர்.
தொப்பியும் போட்டு, துண்டும் சுற்றி
தோளில் ஒரு கனம்.
குழாயை நீட்டினார்.
சீட்டில் முப்பிடாதி இல்லை.
ச. இளவெயினன். ஆண். ஐந்து மாதம்.

பெயரைத் தட்டினேன்.
திரையில் வந்தது:
இந்தப் பெயரில் முந்தைய முடிவு எதுவும் இல்லை.

பழைய நம்பரைத் தேடிச் சேர்த்திருக்கலாம்.
சேர்க்கத்தான் வேண்டும், விதி.
ஒரு நிமிஷம் அப்படியே விட்டேன்.