எழுத்துக்கு நானூற்றைம்பது

களுவாஞ்சிகுடியில் மேடைச் சோடனைக்காரன்
கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்துப் படம் காட்டினான்:
அன்னம் இரண்டு, நீர் கக்கும் தூண் நாலு,
மணமக்கள் ஏறி அமர ஒரு சிப்பி.
"எண்பத்தையாயிரம். உங்களுக்கெண்டபடியால்."
சோடனைக்கென்று நான் முடிந்து வைத்திருந்தது நாலாயிரம்.
"ஆருக்குத் தங்கச்சி கலியாணம், அக்காவுக்கா?"
"அம்மாவுக்கு" என்றேன்.
சிப்பியில் நின்றுவிட்டது அவன் விரல்.

மறுகா நான் பேரம் பேசவில்லை.

கதிரைக்குச் செலவில்லை.
மரண உதவிச் சங்கத்தில் அம்மா அங்கத்தவர்,
மாதம் நூறு ரூபா, பதினொரு வருசம், பிந்தியதே இல்லை.
நாற்பது தந்தார்கள்.
முதுகில் ம.உ.ச. என்று நீலப் பெயின்ற்.
பழைய சேலை கிழித்துக் கட்டினேன்,
முப்பத்தாறுக்குத்தான் காணும்.
மிச்சம் நாலையும்
சங்கத் தலைவரின் ஆட்களுக்கே போடலாம்.

பின்திரைக்கு நுளம்பு வலை.
சிரிக்க வேண்டாம். வெள்ளை, பிரிக்காதது,
எப்போதோ கிளினிக்கில் கொடுத்தது.
சுருக்குச் சுருக்காய்க் கட்டி
பின்னால் கோயில் சீரியல் லைற்றை எரியவிட்டால்
எண்பத்தையாயிரத்தில் ஒரு முப்பதாவது தெரியும்.

பெயர்தான் பாக்கி.
கல்முனைக்கு பஸ் ஏறினேன்.
றிஸ்மி நானாவின் கடையில் ரெஜிபோம் எழுத்து
ஒன்று நானூற்றைம்பது.
கொம்புக்கும் காலுக்கும் தனிக் கணக்கு.
மாப்பிள்ளை பெயர் பூபாலரெத்தினம்.
மண்டூர்த் துறையில் பாதை ஓட்டுகிறவர்,
ஆளைப் பார்த்தால் இத்தனை எழுத்து இருக்காது.
"பூபாலன் எண்டு சுருக்குவமா புள்ள?"
அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.
"அந்த மனிசன்ட பேரில கை வைக்காத கா."
அப்பா போன பிறகு
எதையும் முழுசாய்க் கேட்டதில்லை அந்தக் குரல்.

நானா என் பேர்சைப் பார்த்தாரோ என் முகத்தைப் பார்த்தாரோ,
பின்னறையிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தார்.
திரும்பி வந்த எழுத்துகள்.
கலியாணம் முடிந்தவை, நின்றவை,
கட்டாரிலிருந்து மாப்பிள்ளை வராமலே போனவை.
"அள்ளிக்க. எழுநூறு தா, சல்லி இல்லாட்டி ஐநூறு."
நிலத்தில் குந்தினேன்.
ஒரு பர்ஸானாவிலிருந்து ன,
ஒரு திலக்சனிலிருந்து தி,
ஆரோ ஒரு பூரணியின் பூ.
வெள்ளி, தங்கம், ஊதா, உயரமும் ஒன்றல்ல.
புள்ளி மட்டும் ஒன்றிலும் இல்லை.
"அது தனித்துண்டெலா. அதுதான் முதல்ல உதிரும்."

இரவு வலையில் குத்திப் பார்த்தேன்.
பூபாலரெததினம
நேசமலர
எங்கள் தமிழ் ரீச்சர் கண்டால் விழுந்து போவா.
அம்மா அலுமாரியைக் கிண்டி
ஒரு பொட்டு மட்டையோடு வந்தா.
அப்பாவின் முப்பத்தொன்றுக்குப் பிறகு தொடாதது.
மூன்றே மூன்று, சிவப்பு, பசை காய்ந்து போய்.
சோற்றுப் பருக்கையை நசித்து
த-வுக்கு ஒன்று ஒட்டினா, கடைசி ம-வுக்கு ஒன்று.
மூன்றாவதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு
கனநேரம் நின்றா.
நான் குசினிக்குள் போய்
கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன்.

காலையில் முதல் பாதையில் அவர் வந்தார்,
அன்றைக்கு மட்டும் பயணியாய்,
ஆற்றுக் காற்றில் கலைந்த தலையோடு.
பதிவாளர் கண்ணாடியை ஏற்றி
வலையைப் பார்த்து வாசித்தார்:
"பூபாலரெத்தினம்... நேசம் மலர..."
மிச்சத்தைத் தேடினார்.
"வாழ்த்துப்பாவா தங்கச்சி? அடுத்த வரி எங்க?"

அம்மா குனிந்து முழுப்பெயரும் எழுதினா.
ர் மேல் புள்ளியை அழுத்தி வைத்தா.
நெற்றியில் சோற்றுப்பசை
இன்னும் காயவில்லை.

கதிரைகளை ஐந்து மணிக்கு முன் கொடுக்க வேண்டும்.
கோட்டைக்கல்லாற்றில் ஆரோ செத்துப்போனார்களாம்.