இடம் மாறி நிற்கும் பிழை

கொரடாச்சேரியில் கிளம்பும்போதே தூறல்.
பெண்டிரைவைப் பால் கவரில் சுற்றி
சட்டைப் பையில் போட்டிருந்தேன்.
கொள்முதல் நிலையத்துக் கணினி மூன்று நாளாய் எழவில்லை என்று
பட்டியல் எழுத்தர் தையல்நாயகி நாலு தடவை அழைத்துவிட்டார்.
நாலாவது தடவை ஒன்றும் பேசவில்லை,
போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டினார்.
ஆட்கள் கத்துவது கேட்டது.

களத்தில் குறுவை நெல்
தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கிறது,
காய்ச்சல்காரனைப் போல, உள்ளே கொதிப்போடு.
சுமைதூக்குவோர் கேரம் ஆடுகிறார்கள்.
தராசில் ஒரு நாய் தூங்குகிறது:
பதினொரு கிலோ, நானூறு கிராம்.

பெட்டியைத் திறந்தேன்.
விசிறிக்குள் ஒரு பிடி நெல் சுணை.
ஊதினேன், என் கண்ணிலேயே விழுந்தது.

பழைய நிலைக்குத் திரும்பு என்றேன்.
எந்தத் தேதிக்கு என்று கேட்டது.
ஒரே ஒரு தேதிதான் வைத்திருந்தது,
ஆகஸ்ட் இருபத்தேழு.
'அன்னைக்கு நான் நீடாமங்கலத்துல இருந்தேன்,
மறுநாள்தான் இங்க மாத்துனாங்க' என்றார்.
'அப்ப, திரும்பிப் போனா நீங்க இருக்க மாட்டீங்க.'
அவர் சிரிக்கவில்லை.

பட்டை நகர்ந்தது.
பத்து. முப்பத்தொன்று. அறுபத்தேழு.
அறுபத்தேழில் நின்றது,
மதகில் சிக்கிய வாழைத்தண்டு.
சன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் பக்கிரிசாமி,
முதல் டோக்கன், மூன்று நாளாக முதல் டோக்கன்.
'எத்தன?'
'அறுபத்தேழு.'
'ஈரப்பதமா?'
'இல்லைங்க.'
'அப்ப சரி. பதினேழத் தாண்டுனா நமக்கு வயிறு கலங்கிடும்.'

நீலத்திரை. மீட்க முடியவில்லை.
மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை.
செய்யாததைச் சொல்வதில் அதற்கு ஒரு பணிவு.

பெண்டிரைவைச் செருகினேன்.
'இதுல எல்லாம் அழிஞ்சிடுமா?'
'அழிஞ்சிடும்.'
நீள நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
'போகட்டும். கையால எழுதி வச்சிருக்கேன்.'
இந்த முறை நாற்பத்தொன்றில் நின்றது.
இன்னொரு முறை, பன்னிரண்டில்.
பிழை எண்ணும் வேறு வேறு.

அப்போதுதான் உறைத்தது.
ஒரே இடத்தில் நின்றால் தட்டு பழுது.
இடம் மாறி மாறி நின்றால் நினைவகம்.
இரண்டு மணி நேரம் நான்
மறதிக்காரனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நினைவகப் பட்டையை உருவினேன்.
பொன் பற்களில் பச்சைக் களிம்பு.
'ரப்பர் இருக்கா மேடம்?'
'எதுக்கு?'
'தேய்க்கத்தான். பென்சில் அழிக்கிற ரப்பர்.'
இழுப்பறையில் கை வைத்தவர் எடுக்கவில்லை.
பிறகு எடுத்தார்.
ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, கரியேறி,
குழந்தையின் பால்பல் அளவில் ஒரு ரப்பர்.

நோட்டின் ஓரம் அப்போது கண்ணில் பட்டது.
மூட்டைக் கணக்குக்குப் பக்கத்தில்
பென்சிலில் இன்னொரு கணக்கு,
மூட்டைக்கு நாற்பது வீதம்.
சில வரிகளில் எண் இல்லை,
எண் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக.
'பேனாவால எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க'
என்றார், நான் கேட்காமலே.
யார் என்று அவரும் சொல்லவில்லை.

தேய்த்தேன்.
எத்தனை நாற்பதுகளைத் தின்ற ரப்பரோ,
பற்கள் பளிச்சென்று வந்தன.
செருகினேன். இருபக்கமும் 'டக்'.

பன்னிரண்டு. நாற்பத்தொன்று.
சன்னலில் ஏழெட்டுத் தலைகள்.
அறுபத்தேழு.
யாரும் பேசவில்லை, தராசு நாய்கூட எழுந்துவிட்டது.
அறுபத்தெட்டு!
கேரம் பலகையிலிருந்து ஒருவன் விசிலடித்தான்.

எழுந்த கணினி தன்னை
இரண்டாயிரத்து ஒன்பது, சனவரி ஒன்று என்று நம்பியது.
பேட்டரி போயிருக்கிறது; தேதியைக் கையால் திருத்தினேன்.
ஏழு மணிக்குப் பட்டியல் திரை விரிந்தது.

பக்கிரிசாமி மடியிலிருந்து ஒரு கை நெல்லை எடுத்து
ஈரமானியில் போட்டார்.
பதினேழு புள்ளி ஆறு.

'மூணு நாளைக்கு முன்னாடி பதினாறரை இருந்துச்சு தாயி'
என்றார். கோபமாகக்கூட இல்லை.
பிறகு என் கையைப் பார்த்தார்.
'தம்பி, அந்த ரப்பரால
இதையும் கொஞ்சம் தேச்சுப் பாரேன்.'

வெளியே மழை வலுத்தது.
தையல்நாயகி பென்சிலைத் தொடவில்லை, பேனாவையும் தொடவில்லை,
மேசைமேல் கிடந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்புளி கீழே விழுந்ததுபோல்
நான் குனிந்துகொண்டேன்.