பதினோரு நாள் ஆறு

தேவகோட்டை ரஸ்தாவில் எனக்குப் பஞ்சர் கடை.
விருசுழியாற்றில் படகு விடலாமா என்று
செட்டியார் வீடுகள் பார்க்க வந்த ஒருவர் கேட்டார்,
கைபேசியில் நீலக் கோட்டைப் பெரிதாக்கியபடி.
அது வைகாசி.
நீலக் கோட்டின் மேல் நாற்பது ஆடுகள்
நடந்துகொண்டிருந்தன.
'டிராக்டர் விடலாம் சார்' என்றேன்.

ஐப்பசிக் கடைசியில் வாருங்கள் என்று
சொல்லவில்லை.
சொன்னால் வந்துவிடுவார்.

முதல் நாள் தண்ணீரை நம்பக் கூடாது.
செம்பூரான் மேடுகளைக் கரைத்துக்கொண்டு
முன்னால் தள்ளி வரும்
முள்ளை, ஒற்றைச் செருப்பை, கோழிக்கூண்டை,
தோற்ற வேட்பாளரின் தட்டியை.
மூன்றாம் நாள் கண்மாய்கள் கலுங்கு பாயும்.
அப்போதுதான் தரைப்பாலத்துக்குக் கீழே
ஆற்றுக்குத் தன் பெயரில் பாதி ஞாபகம் வரும்:
சுழி.

லாரி டியூப் அரை நாளுக்கு முப்பது ரூபாய்.
ஒட்டுப்போட்டது இருபது.
ஒட்டுப்போட்டதே பத்திரம் என்பேன்,
புதுசுக்குத் தன் ஓட்டை இன்னும் தெரியாது.

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் லூர்துமேரி
வருஷா வருஷம் லீவு போட்டு வருவாள்.
ஏழு ஒட்டுள்ள டியூப் அவளுக்கு.
மேல்பாலத்தில் ஏறினால் கீழ்த் தரைப்பாலம் வரை
துடுப்பு கிடையாது, இரண்டு உள்ளங்கைதான்.
நாணலுக்குள் நீர்க்காகம் முழுகும் இடம்,
மருத வேரில் மீன்கொத்தி துளைத்த பொந்து
எல்லாம் அவளுக்கு மீட்டர் நம்பர் மாதிரி மனப்பாடம்.

இந்த முறை பாதி வழியில்
ஒரு தண்ணீர்ப்பாம்பு டியூபில் ஏறிக்கொண்டதாம்.
களைத்துப்போயிருந்தது, பாவம்.
காலை மடக்கி இடம் விட்டிருக்கிறாள்.
இரண்டு வளைவு தாண்டி
தாழம்புதரில் அதுவாக இறங்கிப் போனது.
'காசு கொடுத்தது நான் மட்டும்தான்' என்று
ஈரமான இருபது ரூபாயை நீட்டினாள்.
வாங்கவில்லை.
பிறகு வாங்கிக்கொண்டேன். கடை வாடகை இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் ஆறு குட்டைகளாக உடைந்தது.
சேற்றுக்குள் குறவை புதைந்தது.
டியூப்களின் காற்றைப் பிடுங்கி ஆணியில் மாட்டும்போது
வந்து நின்றார் அந்த நீலக் கோட்டுக்காரர்,
தோளில் மடித்த ரப்பர் படகோடு.
யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஒரு நாள் பிந்தி.
மணலில் விரித்திருக்கிறார்.
கருவேல முள், நாலு ஓட்டை.

நாலையும் ஒட்டிக் கொடுத்தேன்.
சாயங்காலம் அந்தப் பக்கம் போனால்
வறண்ட மணலில் படகை ஊதி வைத்து
அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்.
பத்தடி தூரத்தில் நத்தைகுத்தி நாரை
ஒவ்வொன்றாக உடைத்துத் தின்கிறது.
கையைக்கூட அசைக்கவில்லை மனுஷன்.

அடுத்த ஐப்பசிக்கு அவர் நம்பரை
வாங்கி வைத்திருக்கிறேன்.
கூப்பிடுவேனா தெரியாது.