குதிகால்

மழை விட்டால் ஆட்டம்.
விடும்வரை நாங்கள் மூவர்
படிமேடைக்குக் கீழே, இரும்புக் குழாய்களுக்கு நடுவில்,
'அமைதி' என்று எழுதிய பலகைகளைத்
தலைக்குக் குடையாகப் பிடித்தபடி.
கென்ற் கரையில் சாண்ட்விச். ஆடிமாதம் என்று பேர்,
கடற்காற்று கொலருக்குள் கைவிட்டு
எதையோ தேடுகிறது.

மல்கம்தான் தொடங்கினார்:
முதன்முதல் பார்த்த ஓப்பன் எது?
அவருடையது, தகப்பனின் தோளில். ஐந்து வயது.
தொப்பிகள், தொப்பிகள், அதற்கப்பால் இன்னும் தொப்பிகள்.
ஒருமுறை அத்தனை தொப்பியும் வலப்பக்கம் திரும்பின.
"அதுதான் பந்து" என்கிறார்
சத்தியம் பண்ணுகிற குரலில்.

ஐலீனுக்கு, வாடகைக்கு எடுத்த கறுப்புவெள்ளை ரீவி.
தாய் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருக்க
பெட்டிக்குள் ஒரு மனிதர் குசுகுசுத்தாராம்,
மணிக்கணக்காக.
வீட்டில் யாருக்கோ கடும் வருத்தம்,
தனக்கு மட்டும் மறைக்கிறார்கள் என்று
மேல்மாடிக்கு ஏறி
ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

என் முறை.
என்னிடம் இருப்பது ஒரு குதிகால்.

டீல் நகரில் எங்கள் கடை.
சனிக்கிழமை, பூட்டுகிற நேரம்,
வெயிலில் வெந்த ஒருவர் நொண்டி நொண்டி வந்து
பிளாஸ்ரர் கேட்டார். ஒரு பெட்டி.
பிறகு, யோசித்து, இன்னொன்று.
கல்லாவுக்கு முன்னாலேயே சப்பாத்தைக் கழற்றினார்.
காலுறை தோலையும் கூட்டிக்கொண்டு வந்தது.
அப்பா சிகரெட் அடுக்கைப் பார்த்தார்.
நான் பார்வையை எடுக்கவில்லை. ஏழு வயது.
"நாளைக்கு ரீவியில வருவன்" என்றார்,
"அடிக்கிறவன் இல்லை. பை தூக்கிக்கொண்டு
பின்னால நடக்கிறவன்."
மிச்சக்காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பால்பெட்டிக் குளிரூட்டியின் மேல்
ரீவியை ஏற்றி வைத்தோம்.
குறைந்த எண் நல்லதா கூடின எண் நல்லதா என்று
அப்பாவும் சித்தப்பாவும் மூன்று மணிவரை தர்க்கப்பட்டார்கள்.
"இதென்ன கோதாரி,
நடக்கிறாங்கள், நிக்கிறாங்கள்,
பிறகும் நடக்கிறாங்கள்" என்றா அம்மா,
ஆனால் உள்ளே போகவில்லை.
கமரா பந்தோடு வானத்துக்குக் கிளம்பும்போதெல்லாம்
"கீழ விடடா, கீழ விடு" என்று சித்தப்பா கத்தினார்.
பத்திரிகை வாங்க வந்த வெள்ளைக்காரர்
எந்த ஆட்டக்காரருக்கு ஆதரவு என்று கேட்டார்.
வலது கால், என்றேன்.

கடைசிக் குழி. அதோ.
வலது காலை வெளிப்பக்கமாகச் சரித்து வைத்து
மணலை வாரிச் சீராக்கிக்கொண்டிருந்தார்.
யாரோ வென்றார்கள். சனம் எழும்பி நின்றது.
எங்கள் கடையில் கைதட்டல் எழுந்தது
அதற்கும் கொஞ்சம் பிந்தித்தான்,
அவர் குனிந்து, கொடியைக் குழிக்குள் பொருத்தி,
நொண்டாமல் ஆறடி நடந்தபோது.

இந்த இடத்தில் என் போன் அதிர்ந்தது.
காலையில் அக்காவிடம் கேட்டிருந்தேன், எந்த வருசம் என்று.
சுகிர்தாவின் பதிலில் வருசம் இல்லை:
"அது சப்பாத்துக் கயிறு. பிளாஸ்ரர் இல்லை.
ரெண்டு நாளும் நீ அரிசி மூட்டைக்குப் பின்னால நித்திரை."

மல்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்.
ஐலீன் சிரிக்கவில்லை.
அவள் பார்த்த கட்டில்களில்
ஒன்றில் ஆள் இருந்திருக்கலாம்.

என் மழைக்கோட்டுக்குள் ஒரு பெட்டி இருக்கிறது.
ஓப்பன் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம்
புதிதாக ஒன்று வாங்கிவிடுவேன்.
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
சப்பாத்துக் கயிறும் வாங்கிவைக்க வேண்டும்போல.

மழை விட்டுவிட்டது.
நாலாம் குழிக்கு ஓடுங்கள் என்று
கைவானொலி கரகரக்கிறது.
பலகையைத் தலையிலிருந்து எடுத்து
உயரப் பிடிக்கிறோம், ஈரம் முழங்கைக்கு இறங்குகிறது.
ஐயாயிரம் பேர் தங்கள் இருமலை விழுங்குகிறார்கள்.
மேலே எங்கோ ஒரு வானம்பாடி.
அதற்கு வாசிக்கத் தெரியாது.