நிகர எடை

புளியரை எடைமேடையில் ராத்திரி ஷிப்டு.
புனலூரிலிருந்து பழைய பேப்பர் லோடு.
தார்ப்பாய் விலகின இடத்தில்
சாணித்தாள் நிறத்தில் ஒரு சதுர அட்டை.
"எடுத்தோ சாரே, கால் கிலோகூட இல்ல" என்றான் தங்கச்சன்.
உள்ளே ஒரு இசைத்தட்டு.
கீறல் உண்டு. உடையவில்லை.

அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்து.
பாதி, தெரிந்த இங்கிலீஷ் மாதிரி;
பாதி, கண்ணாடியில் பார்த்த மாதிரி.

செங்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர் மசூது
கார்கோவில் ஆறு வருஷம் படித்தவர்.
சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, அட்டையை நீட்டினேன்.
"என்ன செய்யுது?" என்றார் தலை நிமிராமல்.
"வாசிக்கணும் சார்."

மூன்று புதன்கிழமை வாசித்தார்,
நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே.

வெனெதிக்த் ஒசோக்கின்.
ஒசோகா என்றால் அங்கே கோரைப்புல்.
வோல்கா கரை. அப்பா கயிறு திரிக்கிறவர்
(மூச்சை இழும்மா, இழுத்து விடு)
பத்து வயதில் தேவாலயத்துப் பாடகர் கூட்டம்,
பதினேழில் மாஸ்கோ.
இருபத்தொன்பதில் முதல் சிம்பொனி;
கால் மணி நேரம் கைதட்டு
(இது சாப்பாட்டுக்கு முன்னால)
அப்புறம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு.
அப்புறம் நாற்பத்தாறு.

டாக்டர் அந்த வரியில் வைத்த விரலை எடுக்கவில்லை.
"நடுவுல ஒன்பது வருஷம் இல்ல."
"அச்சுப் பிழையா சார்?"
"பிழை இல்லாமத்தான் அச்சடிச்சிருக்காங்க."

நாற்பத்தாறுக்குப் பிறகு இசை எழுதவில்லை என்று
அட்டை சொல்லவில்லை.
கற்பித்தார் என்று சொல்கிறது.
ஊரல் மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பள்ளி,
இருபத்தாறு வருஷம்,
அடுத்தவர் சுரங்களுக்கு நீலப் பென்சில் திருத்தம்.
இந்தத் தட்டின் முதல் பக்கமே ஒரு மாணவியுடையது.
பின்பக்கம்தான் அவர்.
பதினோரு நிமிடம்.
சாவதற்கு முந்தின குளிர்காலத்தில் எழுதியது.

மணவாளன் சவுண்ட் சர்வீஸில் தட்டைச் சுழலவிட்டோம்.
சடங்கு வீட்டிலிருந்து வந்த குழாய் ஸ்பீக்கரை
வயரிலிருந்து பிடுங்க மறந்துவிட்டார்.
தெரு முழுக்க ஒற்றை செல்லோ,
காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனது.
சைக்கிளில் வந்த ஒருவர் கால் ஊன்றி
"யாரு வீட்டுல?" என்று கேட்டார்.
மணவாளன் என்னைப் பார்த்தார்.
"வெளியூரு" என்றார்.
அந்த ஆள் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்து
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்.
லோடு வண்டி எடை, காலி வண்டி எடை,
கழித்தால் சரக்கு.

அடுத்த வாரம் ஆரியங்காவு மழையில் நனைந்து
தங்கச்சன் வந்தான்.
"பாடிச்சோ?"
"பாடுச்சு."
பில்லைவிட நாற்பது கிலோ கூட இருந்தது.
"வெள்ளமாணு சாரே, குறைச்சோ" என்றான்.
தாளுக்குள் போன தண்ணீர்.

நான் கழிக்கவில்லை.